தொட்டியில் பாசியா? மருந்து தேடாதீர்கள், மண்ணைப் பாருங்கள்

(வானொலி உழவர் உரை)



மருந்து என்ற சொல்லுக்கு நம் பக்கத்தில் மூன்று அர்த்தம் உண்டு. டாக்டர் கொடுப்பதும் மருந்து, பருத்திக்குத் தெளிப்பதும் மருந்து, பட்டாசு ஆலையில் கலக்குவதும் மருந்துதான். சிவகாசிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஓர் அம்மா என்னிடம் நாலாவதாக ஒரு மருந்து கேட்டார்கள். "சார், தொட்டியில பாசி கம்பளி போர்த்துன மாதிரி மூடிக்கிட்டு வருது. செடியே தெரியல. இதுக்கு ஒரு மருந்து சொல்லுங்க சார்" என்றார்கள்.

அந்த அம்மாவுக்கு இரண்டு ஏக்கர் மானாவாரி நிலம். மழை பெய்தால் மக்காச்சோளம், பெய்யாவிட்டால் வெறும் நிலம். மற்ற நாட்களில் பட்டாசு வேலை. தீபாவளி முடிந்து மழை பிடித்துவிட்டால் அந்த வேலையும் மட்டம். ஆகவே மகளிர் குழுவில் இருபதாயிரம் ரூபாய் கடன் வாங்கி, கொல்லைப்புறத்தில் நாலு சிமெண்டுத் தொட்டி கட்டினார்கள். கண்ணாடித் தொட்டிகளில் அழகுக்கு வைக்கிற நீர்ச்செடிகளும் கப்பி மீன்களும் வளர்த்து விற்பது அவர்கள் திட்டம்.

திட்டத்தில் கோளாறு ஒன்றுமில்லை. சென்னை கொளத்தூர் இந்த அலங்கார மீன் வியாபாரத்துக்குப் பேர்போன இடம். 2020-ல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில், வீட்டுக் கொல்லையில் அலங்கார மீன் வளர்ப்பதும் ஓர் இனமாகச் சேர்க்கப்பட்டது. கொஞ்ச இடம், கொஞ்சத் தண்ணீர், வீட்டோடு இருந்து பார்க்கிற வேலை. ஆனால் பாசி மூடினால் செடி விலை போகாது. செடி விலை போகாவிட்டாலும் குழுத் தவணை நிற்காது. அதனால்தான் இன்று இதைப் பற்றிப் பேசுகிறேன்.

நான் செய்த தப்பு

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அந்தத் தொட்டிகள் கெட்டதில் என் பங்கும் உண்டு. ஆரம்பத்தில் அந்த அம்மா என்னிடம் யோசனை கேட்டபோது, "அடியில் நாலு விரல் கரிசல் மண்ணைப் போட்டு, ஒரு கூடை சாணத்தையும் கரைத்து விடுங்கள்" என்று சொன்னவன் நானே.

பண்ணைக்குட்டையில் கெண்டை வளர்ப்பவர்களுக்கு நாங்கள் சொல்கிற பாடம் அது. சாணம் போட்டால் தண்ணீர் பச்சையாகும். அந்தப் பச்சையைத் தின்று நுண்ணிய பூச்சிகள் பெருகும். அவற்றைத் தின்று மீன் பெருக்கும். குட்டைக்கு அது சரியான பாடம். செடித் தொட்டிக்கோ தண்ணீர் தெளிந்திருக்க வேண்டும், வெளிச்சம் அடிவரை இறங்க வேண்டும். குட்டைப் பாடத்தைத் தொட்டிக்குச் சொன்னேன். மூன்றே வாரத்தில் தொட்டி பாசிக்குட்டை ஆகிவிட்டது.

அத்தோடு நிற்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் யாரோ சொன்னார் என்று மயில்துத்தத்தைக் கரைத்து ஊற்றினார்கள். பாசி செத்தது. மறுநாள் விடியற்காலையில் மீனும் நத்தையும் செத்து மிதந்தன. பத்து நாளில் பாசி மறுபடி வந்துவிட்டது, முன்னைவிட அடர்த்தியாக!

பாசியும் ஒரு களைதான்

இதன் காரணம் என்ன? உங்கள் வயலை நினைத்துப் பாருங்கள். பயிர் ஒரு சீராக முளைத்து, நெருக்கமாக மூடிவிட்டால் களை அதிகம் தலைதூக்காது. பயிர் போக்கிடமாக நின்றால், வெயிலும் எருவும் களைக்குப் போய்ச் சேரும். தொட்டியிலும் இதே கதைதான்.

பாசிக்கு வேர் கிடையாது. வெயிலும் தண்ணீரில் கரைந்த சத்தும் கிடைத்தால் அன்றைக்கே வளர ஆரம்பித்துவிடும். நட்ட செடி வேர்பிடித்துக் கிளம்ப இரண்டு மூன்று வாரம் ஆகும். அந்த இடைவெளியில் நாம் சாணத்தையும் போட்டு முழு வெயிலையும் விட்டால் யார் ஜெயிப்பார்கள்?

ஆகவே பாசியை ஒரு நோய் என்று நினைக்காதீர்கள். வெயில், சத்து, செடி ஆகிய மூன்றின் கணக்கில் எங்கோ பிசகு என்று காட்டுகிற அடையாளம் அது. கணக்கைச் சரிசெய்யாமல் பாசியை மட்டும் கொன்றால், செத்த பாசி அழுகி அதன் சத்தெல்லாம் திரும்பத் தண்ணீரில்தான் கரையும். அடுத்த பாசிக்கு அதுவே உரம். அழுகும்போது தண்ணீரிலுள்ள பிராணவாயுவையும் இழுத்துக்கொள்ளும். அந்த அம்மாவின் மீன்களைத் துத்தத்தின் விஷம் பாதி கொன்றது என்றால், மூச்சுத் திணறல் மீதியைக் கொன்றது. இரவில் செடியும் பாசியும்கூட மீனைப் போலவே பிராணவாயுவை எடுப்பதால், விடியுமுன் தண்ணீரில் அது மிகக் குறைந்திருக்கும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் அது ஓர் எச்சரிக்கை.

நிறத்தைப் பார்த்து வைத்தியம்

எல்லாப் பாசியும் ஒன்றல்ல. நாலு வகையை அடையாளம் தெரிந்துகொண்டால் போதும்.

புதுத் தொட்டியில் முதல் மாதம் இலைமேலும் சுவர்மேலும் பழுப்பாகப் புழுதி மாதிரி படிவது முதல் வகை. விரலால் தேய்த்தால் வந்துவிடும். இதற்குப் பயப்பட வேண்டியதில்லை. நத்தை தின்னும். சில வாரங்களில் தானே போய்விடும்.

தண்ணீரே பச்சைக் கஷாயம் போல ஆவது இரண்டாம் வகை. கண்ணுக்குத் தெரியாத ஓரணுப் பாசிகள் கோடிக்கணக்கில் மிதக்கின்றன என்று பொருள். தொட்டியைச் சாக்கு அல்லது தார்ப்பாய் போட்டு மூன்று நாலு நாள் முழு இருட்டாக மூடுங்கள். செடி தாங்கிக்கொள்ளும், பாசி தாங்காது. காற்றுக்குழாய் இருந்தால் ஓடவிடுங்கள். திறந்ததும் பாதித் தண்ணீரை மாற்றிவிடுங்கள்.

நூல் நூலாக, முடி முடியாகச் செடியைச் சுற்றுவது மூன்றாம் வகை. சொரசொரப்பான ஒரு குச்சியை விட்டு, நூல் சுற்றுவதுபோலச் சுற்றி எடுங்கள். எடுத்ததைத் தொட்டிக் கரையில் போடாமல் எருக்குழியில் போடுங்கள். பிறகு வெயிலைக் குறையுங்கள்.

கரும்பச்சையில் வழவழவென்று துணி விரித்த மாதிரி படர்ந்து, எடுத்தால் ஏடு ஏடாக வந்து, கெட்ட வாடை அடிப்பது நாலாம் வகை. இது நீலப்பச்சைப் பாசி. பேருக்குத்தான் பாசி, உண்மையில் பாக்டீரியா இனம். நெல் வயலில் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துத் தருகிற நண்பன் என்று இதே இனத்தை நாங்கள் சிபாரிசு செய்கிறோம். அசோலா இலைக்குள் குடியிருப்பதும் இதன் உறவுதான். வயலில் நண்பன், தொட்டியில் பகைவன்! அடியில் அழுக்கு சேர்ந்து, தண்ணீர் அசையாமல் கிடந்தால் இது வரும். கையால் வாரி எடுத்து, மூன்று நாள் இருட்டு வைத்தியம் செய்து, அடி அழுக்கை நீக்குங்கள்.

இந்த இனத்தில் சில வகை விஷமுள்ளவை. 1878-ஆம் ஆண்டிலேயே தெற்கு ஆஸ்திரேலியாவில் அலெக்சாண்ட்ரினா ஏரியில் இப்படிப் படர்ந்த தண்ணீரைக் குடித்து ஆடு மாடுகள் இறந்ததை ஜார்ஜ் பிரான்சிஸ் என்பவர் எழுதி வைத்திருக்கிறார். ஆகவே பாசி ஏடு படர்ந்த தண்ணீரை, தொட்டியானாலும் ஊருணியானாலும், ஆடு மாட்டுக்குக் காட்டாதீர்கள்.

அடிமண் எப்படி இருக்க வேண்டும்?

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். பாசி மேலே தெரிகிறது, அதன் காரணம் பெரும்பாலும் கீழே இருக்கிறது.

அமெரிக்காவில் டயானா வால்ஸ்டாட் என்ற அம்மையார் 1999-ல் ஒரு நூல் வெளியிட்டார். விலை உயர்ந்த தொட்டி மண்ணும் கருவிகளும் இல்லாமலே, சாதாரணத் தோட்ட மண்ணை மெல்லிசாகப் பரப்பி, மேலே பொடிக்கல் மூடி, முதல் நாளே செடியை நெருக்கி நட்டால் தொட்டி நன்றாக இருக்கும் என்பது அவருடைய முறை. மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவைச் செடியே எடுத்துக்கொள்வதால் பாசிக்கு மிச்சம் குறைகிறது. நம் போன்றவர்களுக்கு ஏற்ற முறை இது.

நான் சொன்ன நாலு விரல் கரிசல் ஏன் தப்பு? கரிசல் நனைந்தால் உப்பிக் களியாகிவிடும். உள்ளே காற்றும் தண்ணீரும் புகாது. நாலைந்து வாரத்தில் அடிமண் கறுத்து, குச்சியால் குத்தினால் குமிழி வந்து அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். வடிகால் இல்லாத நெல் வயலில் வருகிற அதே நாற்றம்தான். அந்த வாயுவில் வேர் கருகும். வேர் கருகினால் செடி தின்னாது, செடி விட்டதைப் பாசி தின்னும். மேலும் நம் கரிசலில் சுண்ணாம்புக் கற்கள் கலந்திருக்கும்.

சரியான முறை இது. இரண்டு பங்கு செவல் மண், ஒரு பங்கு கண்மாய்க் கரம்பை எடுத்துக்கொள்ளுங்கள். உரம் போட்ட வயல் மண் வேண்டாம், சாணமும் வேண்டாம். கல், வேர், சருகு போகச் சலித்து, ஒரு பெரிய சட்டியில் தண்ணீர் விட்டு இரண்டு நாள் ஊற வையுங்கள். மேலே நிற்கிற கலங்கல் தண்ணீரை வாழைக்கு ஊற்றிவிட்டு, மண்ணை வெயிலில் காயப்போட்டு மறுபடி சலியுங்கள். இப்படி மூன்று நாலு தடவை. கரைகிற சத்தும் மக்காத குப்பையும் இதிலேயே கழிந்துவிடும். கோடை உழவு போட்டு மண்ணைக் காயவிடுகிறோமே, அதுபோன்ற பக்குவம் இது.

இந்த மண்ணை இரண்டரை செ.மீ. கனத்துக்கு மேல் போடாதீர்கள். அதன்மேல் மூன்று செ.மீ. கழுவிய பருமணல். மணலில் சுண்ணாம்பு இருக்கிறதா என்று பார்க்க, ஒரு கைப்பிடியில் எலுமிச்சைச் சாறோ வினிகரோ விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் அந்த மணல் ஆகாது. தண்ணீர் நிரப்பும்போது மணல்மேல் ஒரு தட்டை வைத்து அதன்மேல் மெதுவாக ஊற்றினால் மண் கலங்காது.

விற்பனைக்கு வளர்ப்பவர்கள் தொட்டி அடி முழுக்க மண் போடாமல், அகலமான தட்டுகளிலோ மண்சட்டிகளிலோ போட்டு நட்டுத் தொட்டிக்குள் இறக்குவதே நல்லது. ஒரு சட்டி கெட்டால் அதை மட்டும் தூக்கி எறியலாம். வாரம் ஒரு தடவை மெல்லிய மூங்கில் குச்சியால் மண்ணை அங்கங்கே குத்திவிடுங்கள், அடியில் வாயு தங்காது.

தொட்டியும் தண்ணீரும்

புதுச் சிமெண்டுத் தொட்டி சுண்ணாம்பைக் கக்கும். தண்ணீர் நிரப்பி, வாழைமட்டையை வெட்டிப் போட்டு, மூன்று நாள் வைத்துக் கொட்டுங்கள். இரண்டு வாரத்துக்கு இப்படியே மாற்றி மாற்றிச் செய்த பிறகு செடி வையுங்கள். செடி வைத்து நாலு வாரம் கழித்து, முதலில் நாலைந்து கப்பியை மட்டும் விட்டுப் பாருங்கள். யூரியா மண்ணில் அமோனியாவாகி, நைட்ரேட்டாக மாற நுண்ணுயிர்கள் வேண்டும் அல்லவா? அதே நுண்ணுயிர்கள் தொட்டியில் குடியேறவும் நாள் பிடிக்கும். அதுவரை அமோனியா மீனுக்கு விஷம்.

நம் மாவட்டத்தில் பல இடங்களில் ஆழ்குழாய்த் தண்ணீர் கடினத்தண்ணீர். பந்தல்குடிப் பக்கம் சிமெண்டுக்கே சுண்ணாம்புக்கல் வெட்டுகிறார்கள் என்றால் வேறு என்ன சாட்சி வேண்டும்? இதற்காக வருத்தப்பட வேண்டாம். பயிருக்கு எந்தச் சத்து குறைகிறதோ அதுதான் விளைச்சலைக் கட்டுப்படுத்தும் என்பது ஜெர்மனியின் லீபிக் காலத்துப் பாடம். கடினத்தண்ணீரில் செடிக்குக் குறைவது கரியமில வாயு. வேலம்பாசி, வாலிஸ்நேரியா என்ற நாடாப்புல் போன்ற செடிகள் அந்தக் குறையைத் தண்ணீரில் கரைந்துள்ள பைகார்பனேட் உப்பிலிருந்தே ஈடுகட்டிக்கொள்ளும். வேலம்பாசி என்று பேர் இருந்தாலும் அது பாசி அல்ல, செடிதான். மீனிலும் கப்பி, மாலி இரண்டும் கடினத்தண்ணீரை விரும்புபவை. மாலி பாசியையும் கொறிக்கும். நம் தண்ணீருக்கு ஏற்ற செடி, நம் தண்ணீருக்கு ஏற்ற மீன். மானாவாரிக்கு மானாவாரி ரகம் போடுவதில்லையா?

ஆனால் ஒரு கவனம். வெயிலில் ஆவியாவது தண்ணீர் மட்டுமே, உப்பு அல்ல. குறைந்ததை மட்டும் நிரப்பிக்கொண்டே போனால் உப்பு ஏறிக்கொண்டே போகும். ஆகவே வாரம் ஒரு தடவை கால் பங்கை மாற்றுங்கள். ஆறடி நீளம், நாலடி அகலத் தொட்டியில் ஒன்றரை அடி தண்ணீர் நின்றால் ஏறத்தாழ 1000 லிட்டர். கால் பங்கு 250 லிட்டர், அதாவது 17, 18 குடம். "குடத்துக்கு வழியில்லாத ஊர்ல இது நடக்குமா?" என்று கேட்பீர்கள். அந்தத் தண்ணீர் வீண் இல்லை. மீன் கழிவு கலந்த சத்துத் தண்ணீர் அது. முருங்கைக்கும் தென்னைக்கும் பாய்ச்சுங்கள். கூரை மழைத்தண்ணீரைச் சேமித்து வைத்தால் இன்னும் நல்லது. பட்டாசு ஆலைப் பக்கத்து வீடுகளில் முதல் மழையை ஓடவிட்டு, கூரை கழுவியபின் பிடியுங்கள்.

வெயிலும் தீனியும்

நம் ஊர் வெயில் தொட்டிக்கு அளவுக்கு மிஞ்சிய எரு. பாதி வெயிலை மறைக்கிற நிழல்வலையோ, தென்னங்கீற்றுப் பந்தலோ போடுங்கள். காலை வெயில் பட்டு, உச்சிவெயில் படாமல் இருந்தால் மிகவும் நல்லது. செடி மூடும்வரை முதல் மாதம் தண்ணீர்மேல் மூன்றில் ஒரு பங்குக்கு அசோலாவை மிதக்கவிடலாம். அது நிழலும் தரும், மணிச்சத்தையும் உறிஞ்சும். மிகுந்தால் வாரிக் கோழிக்குப் போடுங்கள். வீட்டுக்குள் கண்ணாடித் தொட்டி வைத்து விளக்கில் வளர்த்தால், நாளைக்கு ஆறிலிருந்து எட்டு மணி நேரம் விளக்கு எரிந்தால் போதும்.

மீனுக்குப் போட்டு மீன் தின்னாத தீனி எல்லாம் பாசிக்குப் போட்ட உரம். ஐந்து நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவு போடுங்கள். அழுகிய இலையை அன்றன்றே கிள்ளி எடுங்கள். வெளியிலிருந்து வரும் செடியைப் பொட்டாசியம் பர்மாங்கனேட்டு கரைத்த வெளிர் ரோஜா நிறத் தண்ணீரில் பத்து நிமிடம் முக்கி, அலசிய பிறகே தொட்டியில் வையுங்கள்.

செய்யக் கூடாதவை

மயில்துத்தம் போர்டோ கலவைக்குச் சரி, தொட்டிக்கு வேண்டாம். நம் சுண்ணாம்புத் தண்ணீரில் செம்பு அடிமண்ணிலேயே தங்கிவிடும். பாசியைத் தின்கிற நத்தை அப்புறம் பிழைப்பது கஷ்டம்.

இன்னொன்று, நம் பக்கத்துக்கே உரியது. வெடியுப்பு என்பது பொட்டாசியம் நைட்ரேட். உரக்கடையில் 13:0:45 என்று வாங்குவதும் அதுதான். நீர்ச்செடி வளர்ப்பவர்கள் அளவோடு அதைப் போடுவதும் உண்டு. இதைக் கேள்விப்பட்டு, ஆலையில் ஒட்டிய மருந்தைக் கொண்டுவந்து தொட்டியில் போட்டுவிடாதீர்கள். அதில் கந்தகமும் அலுமினியமும் இருக்கலாம். பச்சை ஒளிக்குப் போடுகிற பேரியம் உப்பு விஷம். பட்டாசில் அதைப் போடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தடை விதித்தது. மருந்தை வீட்டுக்குக் கொண்டுவருவது மீனுக்கு மட்டுமல்ல, பிள்ளைகளுக்கும் ஆபத்து. வேலையிலிருந்து வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவி, நன்றாக அலசிய பிறகே தொட்டியில் கை வையுங்கள்.

பாசி தின்னும் என்று சக்கர் மீனை விற்பார்கள். அது முழங்கை நீளம்கூட வளரும். வளர்ந்ததும் கண்மாயில் விட்டுவிடுகிறார்கள். தமிழ்நாட்டு நீர்நிலைகளில் அது பரவி நாட்டு மீனுக்கு இடைஞ்சலாகிவிட்டது. வாங்காதீர்கள், கண்மாயில் விடாதீர்கள். செடி கிடைக்கும் என்று செண்பகத்தோப்புப் பக்கம் காட்டு ஓடைகளில் இறங்கிப் பிடுங்கவும் வேண்டாம். 1988-லிருந்து சரணாலயமாக இருந்த அந்த மலைக்காடு 2021-ல் புலிகள் காப்பகமும் ஆகிவிட்டது.

மறுபடி ஆரம்பித்தோம்

அந்த அம்மாவிடம் போய், "தப்பு என்னுடையதும்தான்" என்று சொன்னேன். "அதைச் சொல்லி என்ன சார், தவணைய நீங்களா கட்டுவீங்க?" என்றார்கள். நியாயமான கேள்வி. நாலு தொட்டியையும் காலி செய்து, ஒரே ஒரு தொட்டியில் மட்டும் மேற்படி முறையில் சட்டி வைத்து ஆரம்பித்தோம். கடனில் மிச்சமிருந்த பணத்துக்கு வந்த செடி அவ்வளவுதான். அதை இடைவெளி விடாமல் நெருக்கி நட்டார்கள். முதல் மாதம் பழுப்புப் பாசி வந்தது. "மருந்து வேண்டாமா சார்?" என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். போய்விட்டது. மூன்றாம் மாதம் நாடாப்புல் பக்கக்கன்று விட்டு அடுத்த சட்டிக்குப் போனது. இரண்டாம் தொட்டிக்குச் செடி விலைக்கு வாங்கவில்லை, முதல் தொட்டியிலிருந்தே எடுத்தார்கள். இப்போது மூன்று தொட்டி ஓடுகிறது. கடன் இன்னும் முடியவில்லை, ஆனால் தவணை தவறவில்லை.

நாலாவது தொட்டியில் என்ன வைத்திருக்கிறார்கள் என்று கேட்டேன். "பச்சைத் தண்ணிதான் சார், வேணும்னே விட்டிருக்கேன். அதுல டாப்னியா வளருது, மீன் குஞ்சுக்குப் போடுறேன்" என்றார்கள். டாப்னியா என்பது பச்சைத் தண்ணீரைத் தின்று பெருகுகிற கடுகளவு நீர்ப்பூச்சி. குட்டைப் பாடம் எங்கே செல்லும், தொட்டிப் பாடம் எங்கே செல்லும் என்று அவர்களே பிரித்துத் தெரிந்துகொண்டுவிட்டார்கள்.

ஆகவே நண்பர்களே, இந்த உபதொழிலில் இறங்க நினைப்பவர்கள் முதலில் ஒரு தொட்டி மட்டும் வையுங்கள். மண்ணை மெல்லிசாகப் போடுங்கள், செடியை நெருக்கி நடுங்கள், வெயிலைப் பாதியாக்குங்கள். மூன்று மாதம் அதைப் பார்த்துப் பழகிய பிறகு கடன் வாங்குவதைப் பற்றி யோசியுங்கள்.